சிலுவை அடையாளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறைக்கல்வி வகுப்புகளிலும், திருமுழுக்குக்குத் தயாராகும் பெரியவர்களிடமும், வேறு சபையில் மணமுடித்தவர்களிடமும் திரும்பத் திரும்ப எழும் ஐயங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். விடைகள் உரோமைக் கத்தோலிக்க வழக்கத்தை ஒட்டியவை. மற்றத் திருச்சபைகளில் வழக்கம் மாறும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

சிலுவை போடும்போது கையை எங்கிருந்து எங்கே கொண்டுபோகணும்?

இடக்கையை மார்புக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். வலக்கை விரல்களைச் சேர்த்து நீட்டி, விரல் நுனிகளால் நெற்றியைத் தொட்டு "தந்தை" என்று சொல்லுங்கள். கையை நேராக இறக்கி, மார்புக்குக் கீழே தொட்டு "மகன்". அடுத்து இடத் தோளில் "தூய", வலத் தோளில் "ஆவியாரின்". கடைசியில் இரு கைகளையும் குவித்து "பெயராலே. ஆமென்." பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று பழைய சொற்களில் பழகியவர்களுக்கும் இதே நான்கு இடங்கள்தான்.

வழக்கமாகப் பிசகுவது இரண்டு இடங்களில். கை கீழே இறங்காமல் தொண்டைக்குழியிலேயே திரும்பிவிடும். தோள்வரை போகாமல் கழுத்தெலும்பில் ஒரு சுழற்றோடு முடிந்துவிடும். அப்போது உடலில் சிலுவை விழுவதில்லை, ஒரு சுழிதான் விழுகிறது. இன்னொரு பிசகு, கை இடத் தோளுக்குப் போவதற்குள் வாய் ஆமெனைச் சொல்லி முடித்துவிடுவது. நிதானமாகப் போட்டாலும் ஐந்தாறு விநாடிக்கு மேல் ஆகாது.

எனக்கு இடது கைப் பழக்கம். இடது கையால போட்டா செல்லாதா?

வழக்கம் வலக்கைதான். இடக்கையால் எழுதுகிறவர்களும் சாப்பிடுகிறவர்களும்கூட இதை வலக்கையால் போடப் பழகுவதே நல்லது. கிழக்கிலும் மேற்கிலும் சிலுவை போடும் எல்லாத் திருச்சபைகளிலும் பொதுவாக இருக்கும் மிகச் சில பழக்கங்களில் இது ஒன்று.

ஆனால் 'செல்லும், செல்லாது' என்ற கணக்கு இங்கே இல்லை. வலக்கையில் கட்டு, பக்கவாதம், கையில் குழந்தை என்றால் இடக்கையால் போடலாம். இரு கைகளும் அசையாதவர் சொற்களை மட்டும் சொன்னால் போதும். பக்கத்தில் இருப்பவர் அவர் நெற்றியில் பெருவிரலால் வரையலாம்.

விரல்களை எப்படி வெச்சுக்கணும்? சிலர் மூணு விரலைச் சேர்த்துப் பிடிக்கிறாங்களே?

உரோமை வழிபாட்டு முறையில் ஐந்து விரல்களையும் சேர்த்து நீட்டுவது வழக்கம். ஐந்தும் இயேசுவின் ஐந்து காயங்களைக் குறிக்கும் என்று விளக்கம் சொல்வார்கள். அழகான விளக்கம்தான், ஆனால் பழக்கத்துக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது போலத்தான் இருக்கிறது.

மூன்று விரல், கிழக்கு மரபைச் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளின் முறை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றின் நுனிகளும் சேர்ந்தால் மூவொரு கடவுள். உள்ளங்கையில் மடங்கிய மோதிரவிரலும் சுண்டுவிரலும் கிறிஸ்துவின் இறையியல்பும் மனித இயல்பும். ஒரு கத்தோலிக்கர் அப்படிப் பிடித்தாலும் குற்றமில்லை. மேற்கிலும் அது ஒரு காலத்தில் வழக்கத்தில் இருந்தது. 1198 முதல் 1216 வரை திருத்தந்தையாக இருந்த மூன்றாம் இன்னொசென்ட் மூன்று விரல்களால் போடுவதைத்தான் விளக்கி எழுதியிருக்கிறார்.

சரி, இதோட அர்த்தம் என்ன? ஒரே வரியில சொல்லுங்க.

வாய் மூவொரு கடவுளை அறிக்கையிடுகிறது, கை சிலுவையை வரைகிறது. கிறிஸ்தவ நம்பிக்கையின் இரு தூண்கள் இவை: கடவுள் தந்தை, மகன், தூய ஆவியாராக இருக்கிறார், அவர் நம்மை மீட்டது சிலுவைச் சாவின் வழியாக. நம்பிக்கை அறிக்கை முழுவதும் இதில் சுருங்கிக் கிடக்கிறது. அதனால்தான் கையும் வாயும் ஒன்றாகப் போக வேண்டும் என்று முதல் விடையில் அவ்வளவு வலியுறுத்தினோம். பிரிந்து போனால் பாதி அர்த்தம் கழன்றுவிடும்.

இது திருமுழுக்கின் நினைவும்கூட. "தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் திருமுழுக்குக் கொடுங்கள்" என்பது மத்தேயு 28:19. தண்ணீர் ஊற்றும்போது உங்கள்மேல் சொல்லப்பட்ட அதே பெயரை ஒவ்வொரு முறையும் நீங்களே உங்கள்மேல் சொல்லிக்கொள்கிறீர்கள். திருமுழுக்குச் சடங்கின் தொடக்கத்தில் அருள்பணியாளரும், பெற்றோரும், ஞானப்பெற்றோரும் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைவார்கள். கிறிஸ்துவுக்கு உரியவர் என்ற முத்திரை அது.

இன்னொரு பக்கமும் உண்டு, அது அவ்வளவு இனிமையானதல்ல. சிலுவை என்பது உரோமைப் பேரரசு அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொன்ற கருவி. அதைத் தன் உடம்பின் மேலேயே ஒருவர் வரைந்துகொள்கிறார் என்றால், "தன் சிலுவையை நாள்தோறும் தூக்கிக்கொண்டு என்னைப் பின்பற்றட்டும்" என்ற லூக்கா 9:23-க்கும் சம்மதம் சொல்கிறார். ஆசீர் கேட்கிற செய்கை என்று மட்டும் கற்றுக்கொடுத்தால் இந்தப் பாதி விடுபட்டுப் போகிறது.

பைபிள்ல இப்படி போடச் சொல்லி எங்கேயாவது இருக்கா?

இல்லை. நெற்றி, மார்பு, தோள் என்று தொடச் சொல்லும் வசனம் எதுவும் கிடையாது. இருப்பதாக இழுத்துப் பொருள் சொல்லவும் வேண்டாம். சுமார் 375-இல் ஆயர் புனித பெரிய பசீலியாரே, எழுத்தில் இல்லாமல் திருத்தூதர் மரபாக வந்தவற்றுக்கு முதல் எடுத்துக்காட்டாக இதைத்தான் சொல்கிறார்.

வேர்கள் இருக்கின்றன. எசேக்கியேல் 9:4-இல் எருசலேமின் அருவருப்புகளுக்காக வருந்துவோரின் நெற்றியில் அடையாளம் இடப்படுகிறது. அதைப் பெற்றவர்கள் அழிவுக்குத் தப்புகிறார்கள். அங்கே எபிரேய மூலத்தில் வருவது 'தாவ்' என்ற கடைசி எழுத்தின் பெயர். பழைய எபிரேய எழுத்தில் அதன் வடிவம் இரண்டு கோடுகள் குறுக்காக வெட்டிக்கொள்வது. திருவெளிப்பாடு 7:3-இலும் 14:1-இலும் கடவுளுடைய ஊழியர்கள் நெற்றியில் முத்திரை பெற்றவர்களாக வருகிறார்கள். "நம் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் சிலுவையைப் பற்றியன்றி வேறெதைப் பற்றியும் பெருமை பாராட்ட மாட்டேன்" என்ற பவுலின் கருத்து கலாத்தியர் 6:14-இல் இருக்கிறது.

அப்போ இது எப்போ ஆரம்பிச்சது? கான்ஸ்டன்டைன் கொண்டுவந்ததுன்னு கேள்விப்பட்டேன்.

உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மில்வியன் பாலப் போரில் வென்றது 312-இல். அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இதைப் பழகிப்போன வழக்கமாக எழுதுகிறார். வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும், உடுத்தும்போதும், குளிக்கும்போதும், சாப்பிட உட்காரும்போதும், விளக்கேற்றும்போதும் நெற்றியில் சிலுவை வரைகிறோம் என்கிறார். கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்ட காலம் அது.

அன்று வரைந்தது நெற்றியில் ஒரு விரலால் சின்னச் சிலுவை. 4-ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரிலும், புதிதாகத் திருமுழுக்குப் பெற இருந்தவர்களிடம், நெற்றியில் துணிவோடு வரையுங்கள், உண்ணும் அப்பத்தின் மேலும் குடிக்கும் கிண்ணத்தின் மேலும் வரையுங்கள் என்றார். நெற்றியிலிருந்து தோள்வரை போகும் பெரிய சிலுவை பிற்காலத்தில் மெல்ல மெல்லப் பரவியது.

நற்செய்தி வாசிக்கும் முன்னாடி மூணு சின்னச் சிலுவை போடுறோமே, அது எதுக்கு?

மேலே சொன்ன பழைய சின்னச் சிலுவையின் தொடர்ச்சி அது. வாசிப்பவர் முதலில் நற்செய்தி நூலின் மேல் வரைகிறார். பிறகு அவரும் மக்களும் வலது பெருவிரலால் நெற்றி, உதடு, மார்பு மூன்றிலும் வரைகிறார்கள். ஆண்டவரின் சொல் என் அறிவில் இருக்கட்டும், என் வாயில் இருக்கட்டும், என் உள்ளத்தில் இருக்கட்டும் என்பது கருத்து. அதை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம். உரக்கச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. "சிலுவை அடையாளத்தினாலே எங்கள் பகைவரிடமிருந்து எங்களை மீட்டருளும்" என்ற வீட்டுச் செபத்தில் மூன்று சின்னச் சிலுவைகளுக்குப் பிறகு பெரிய சிலுவை வரும். அதே பழக்கத்தில் நற்செய்திக்கு முன்பும் பெரிய சிலுவையைச் சேர்த்துவிடுகிறார்கள். திருப்பலியில் அந்த இடத்தில் மூன்று சின்னச் சிலுவைகளோடு நிறுத்துங்கள். கையை உதட்டில் வைத்து முத்துவதும் அங்கே இல்லை.

திருப்பலியில மொத்தம் எத்தனை தடவை போடணும்? பக்கத்துல இருக்கிறவங்க போடுறதைப் பார்த்துப் போட்டுக்கிட்டே இருக்கேன்.

மக்களுக்கு எப்போதும் உரியவை மூன்று இடங்கள்: தொடக்கம், நற்செய்திக்கு முன், இறுதி ஆசீர். எழுந்தேற்றத்தின்போதும் (அருள்பணியாளர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும்போது), நற்கருணை வாங்கியபின்னும் பலர் போடுகிறார்கள். விதியில் கேட்கப்படாதது, தடுக்கப்படவும் இல்லை. பழைய இலத்தீன் திருப்பலியில் நம்பிக்கை அறிக்கையின் முடிவிலும் போடும் வழக்கம் இருந்தது. அந்தக் காலத்தவர்களிடம் அது தங்கியிருக்கலாம்.

நற்கருணை வாங்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. அப்பத்தைக் கையில் வாங்கியதும், அதை உட்கொள்ளாமல் அதே கையால் சிலுவை போடப் போகிறவர்கள் உண்டு. முதலில் உட்கொள்ளுங்கள், ஓரமாக நகருங்கள், பிறகு போடுங்கள்.

ஆர்த்தடாக்ஸ்காரங்க வலது தோளை முதல்ல தொடுறாங்க. யார் மாத்தினது, அவங்களா நாமளா?

ஒரு நாளில் ஒருவர் உத்தரவு போட்டு மாற்றியதல்ல. நாம் மேலே குறிப்பிட்ட மூன்றாம் இன்னொசென்ட், உரோமையிலேயே வலமிருந்து இடம் போடுவதை முதன்மையாகச் சொல்லி, சிலர் இடமிருந்து வலம் போடுகிறார்கள் என்று சேர்த்திருக்கிறார். அதாவது 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் மேற்கில் இரண்டும் அருகருகே இருந்தன; பின்னர் இடமிருந்து வலம் நிலைத்துவிட்டது. இந்தச் சான்றைப் பார்த்தால், மாறியது மேற்குதான் என்று சொல்வதே நேர்மை.

விளக்கங்கள் இரு பக்கமும் உண்டு. இடமிருந்து வலம் என்றால் துயரத்திலிருந்து மாட்சிக்கு, சாவிலிருந்து வாழ்வுக்குக் கடப்பது. வலம் முதலில் என்றால் வலப்பக்கத்துக்குத் தரப்படும் முதன்மை. கத்தோலிக்கம், ஆர்த்தடாக்ஸ் என்ற கோடும் இங்கே சரியாக விழவில்லை: உரோமையோடு ஒன்றிப்பில் இருக்கும் பைசாந்திய வழிபாட்டுமுறைக் கத்தோலிக்கர்கள் வலத் தோளை முதலில் தொடுகிறார்கள், காப்டிக், அர்மேனிய, சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையினர் நம்மைப் போலவே இடத் தோளை முதலில் தொடுகிறார்கள்.

விரலுக்காக ரஷ்யாவுல சண்டையே நடந்ததாமே, உண்மையா?

உண்மை. ரஷ்யாவில் பழைய வழக்கம் இரண்டு விரல். 1551-இல் கூடிய ரஷ்யத் திருச்சபையின் ஸ்தோக்லாவ் சங்கம் அதையே கட்டாயமாக்கியது. 1653-இல் அத்திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தை நிக்கோன், அன்றைய கிரேக்கரைப் பார்த்து மூன்று விரலுக்கு மாறச் சொன்னார். மறுத்தவர்களை 1666–67 சங்கம் சாபமிட்டுச் சபைக்குப் புறம்பாக்கியது. சிறை, நாடுகடத்தல், மரண தண்டனை வரை போனது. 'பழைய நம்பிக்கையாளர்' என்ற தனிப் பிரிவு இன்றும் இரண்டு விரலோடு வாழ்கிறது. அந்தச் சாபத்தை மாஸ்கோ சங்கம் நீக்கியது 1971-இல்.

விரல் மட்டுமே காரணமல்ல; வழிபாட்டு நூல்களின் திருத்தமும் அரசின் தலையீடும் சேர்ந்துகொண்டன. ஆனால் படிப்பறியாத மக்களும் தினமும் கையால் செய்தது இந்த அடையாளம்தான், அதனால் அதில் கைவைத்தபோது எல்லாருக்கும் உறைத்தது.

என் மனைவி வீட்டுல புராட்டஸ்டண்ட். அவங்க ஏன் இதைப் போடறதில்லை? தப்புன்னு நினைக்கிறாங்களா?

எல்லாச் சபையும் ஒன்றுபோல் இல்லை. மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய சிறு ஞானோபதேசத்திலேயே, காலையில் எழுந்ததும் இரவில் படுக்குமுன்னும் சிலுவை அடையாளம் போடச் சொல்கிறார். லூத்தரன் சபைகளில் இன்றும் போடுகிறவர்கள் உண்டு. ஆங்கிலிக்கன் சபை திருமுழுக்கில் நெற்றியில் சிலுவை வரைவதை விட்டுக்கொடுக்கவில்லை. 1603-இல், கத்தோலிக்க வழக்கங்களைச் சபையிலிருந்து களைய விரும்பிய பியூரிட்டன்கள் அதை நீக்கக் கேட்டு இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸிடம் மனுக் கொடுத்தபோது, 1604-இன் 30-ஆம் சபைச் சட்டம் அதற்கு நீண்ட விளக்கம் எழுதி நிலைநிறுத்தியது.

கால்வினிய, பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் பொதுவாகப் போடுவதில்லை. வேதத்தில் கட்டளை இல்லை என்பதும், மூடநம்பிக்கையாகிவிடும் என்பதும் அவர்கள் சொல்லும் காரணங்கள். முதலாவதற்கு விடை மேலே பைபிள் கேள்வியில் இருக்கிறது. இரண்டாவது அச்சம் வெறும் கற்பனை இல்லை. அடுத்த கேள்வியைப் பாருங்கள். சேர்ந்து செபிக்கும்போது நீங்கள் போடுங்கள், அவர்களைப் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

கெட்ட கனவு வந்தா, பயமா இருந்தா சிலுவை போட்டா போதுமா? பேய் ஓடிடுமா?

தீமைக்கு எதிராக இந்த அடையாளத்தைப் போடுவது மிகப் பழைய வழக்கம். 4-ஆம் நூற்றாண்டின் எகிப்தியப் பாலைநிலத் துறவிகள் சோதனை வரும்போது முதலில் செய்தது இதைத்தான். பயத்தில் போடலாம், போட வேண்டும்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் கவனம் தேவை. கை அசைவுக்கென்று தனிச் சக்தி கிடையாது, அது செபம். கிறிஸ்துவின் வெற்றியைச் சொல்லி அவரிடம் கேட்கிறோம். திருத்தூதர் பணிகள் 19:13–16-இல் ஸ்கேவா என்ற யூதத் தலைமைக் குருவின் மகன்கள் எழுவர், இயேசுவின் பெயரை ஒரு மந்திரம்போலப் பயன்படுத்தி, அடிபட்டு உடையில்லாமல் ஓடினார்கள். மூன்று தடவை போட்டால்தான் பலிக்கும், தவறாகப் போட்டால் எதிர்விளைவு வரும் என்று யாராவது சொன்னால் அது திருச்சபையின் போதனை இல்லை.

பரீட்சைக்கு முன்னாடி, பந்து அடிக்கிறதுக்கு முன்னாடி போடறாங்களே, அது மட்டும் சரியா?

எந்த வேலையையும் இதோடு தொடங்கலாம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2157-ஆம் எண்ணில், கிறிஸ்தவர் தம் நாளையும் செபத்தையும் செயல்களையும் சிலுவை அடையாளத்தோடு தொடங்குகிறார் என்றே சொல்கிறது. வேலையைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுப்பதுதான் அது. மதிப்பெண்ணுக்கும் கோலுக்கும் உத்தரவாதம் கேட்கும்போது முந்தைய விடையில் சொன்ன மந்திரப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. படிக்காமல் போய்ப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்ட மாணவர்களுக்கு: படிக்காதவர் எழுதும் தேர்வுதான்.

கோயில் வாசல்ல தண்ணியைத் தொட்டுப் போடறது கட்டாயமா?

கட்டாயமில்லை. தீர்த்தம் திருமுழுக்கை நினைவூட்டுகிறது, அதனால் அந்த இடத்தில் இரண்டும் பொருந்திப் போகின்றன. விரல் நுனி நனைந்தால் போதும். தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால் வெறும் கையால் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.

ஹோட்டல்ல, ஆபீஸ்ல சாப்பாட்டுக்கு முன்னாடி போட கூச்சமா இருக்கு. போடாம விட்டா பாவமா?

விட்டால் பாவமில்லை. ஆனால் எதற்காக விடுகிறீர்கள் என்பதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பிறர் பார்க்க வேண்டும் என்று செபிப்பதை மத்தேயு 6:5 கண்டிக்கிறது. சிலுவையில் அறையப்பட்டவரை அறிக்கையிட வெட்கப்பட வேண்டாம் என்கிறார் மேலே சொன்ன சிரில். இரண்டுக்கும் நடுவில் எளிய வழி, வீட்டில் போடுவதைப் போலவே அங்கும் போடுவது: பெரிதாக்கவும் வேண்டாம், மேசைக்கடியில் ஒளிக்கவும் வேண்டாம். கொசு ஓட்டுவதுபோல் கையை வீசி முடிப்பதைவிட, பெருவிரலால் நெற்றியில் ஒரு சின்னச் சிலுவை நல்லது.

கிறிஸ்தவராக அடையாளம் தெரிந்தால் ஆபத்து என்ற சூழலில் மனத்துக்குள் செபிப்பது போதும்.

மூணு வயசுக் குழந்தைக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது? எவ்வளவு காட்டினாலும் இடது கையாலேயே போடுது.

எதிரில் நின்று காட்டுகிறீர்கள். குழந்தை கண்ணாடியில் பார்ப்பதைப் போல அப்படியே திருப்பிச் செய்கிறது. குழந்தைக்குப் பின்னால் உட்கார்ந்து, அதன் வலக்கையைப் பிடித்து நான்கு இடங்களையும் தொட வையுங்கள். கூட்டமாகக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நிற்கலாம், அல்லது எதிரில் நின்று தாமே இடக்கையால், வலத் தோளை முதலில் தொட்டுக் காட்டலாம்.

முதலில் கை மட்டும், சொற்களைப் பெரியவர் சொல்லட்டும். பிறகு "ஆமென்" மட்டும் குழந்தை சொல்லட்டும். தோள்கள் மாறிப்போனால் ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருத்த வேண்டாம். பயந்து போட ஆரம்பித்தால் வேகம்தான் கூடும்.

அம்மா அப்பா பிள்ளை நெத்தியில சிலுவை போடலாமா? அது சாமியார் வேலை இல்லையா?

போடலாம். திருமுழுக்கு நாளில் பெற்றோரை அப்படி வரையச் சொன்னதே திருச்சபைதான். தூங்கும்முன், பயணம் புறப்படும்போது, நோயில், பெருவிரலால் நெற்றியில் வரைந்து சிறு செபம் சொல்லலாம். கையை உயர்த்திக் கூட்டத்தின் மேல் காற்றில் பெரிய சிலுவை வரையும் ஆசீர் திருநிலைப்படுத்தப்பட்டவர்களுக்கு உரியது. வீட்டுச் செபத்தை முடிக்கும் பொதுநிலையினர் தம்மேல் மட்டும் போட்டுக்கொள்வார்கள்.

நான் இன்னும் திருமுழுக்கு வாங்கலை. போடலாமா?

தாராளமாக. பெரியவர்கள் திருமுழுக்குக்கான தயாரிப்பில் முறைப்படி ஏற்கப்படும் சடங்கே நெற்றியில் சிலுவை வரைவதோடுதான் நடக்கிறது. விரும்பினால் காது, கண், உதடு, மார்பு, தோள் என்றும் தொடர்ந்து வரைவார்கள். திருமுழுக்குக்கு முன்பே உங்களுக்குக் கிடைக்கும் அடையாளம் இது.

பெரிய வெள்ளி வழிபாட்டை சாமியார் சிலுவை போடாமலே ஆரம்பிச்சாரே, மறந்துட்டாரா?

மறக்கவில்லை. அன்று அருள்பணியாளர் பேசாமல் வந்து பீடத்தின் முன் முகங்குப்புற விழுகிறார், அல்லது முழந்தாளிடுகிறார். எழுந்ததும் நேராகச் செபத்துக்குப் போகிறார். பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது நூலின் மேல் சிலுவை வரைவதும் கிடையாது. கடைசியில் மக்கள்மேல் கைகளை விரித்து ஒரு செபம் சொல்வார். வழக்கமான சிலுவை ஆசீர் இல்லை.

காரணம், பெரிய வியாழன் மாலை முதல் உயிர்ப்புப் பெருவிழாவரை மூன்று நாளையும் திருச்சபை ஒரே கொண்டாட்டமாகக் கருதுகிறது. வியாழன் மாலைத் திருப்பலி சிலுவை அடையாளத்தோடு தொடங்கும், ஆனால் இறுதி ஆசீரின்றி நற்கருணைப் பவனியில் கலையும். வெள்ளி வழிபாடு அதன் தொடர்ச்சி, அதனால் புதுத் தொடக்கம் தேவைப்படுவதில்லை. சனி இரவு திருவிழிப்பில், புதுத் தீயைச் சுற்றி நிற்கும்போது மறுபடியும் எல்லாரும் சேர்ந்து போடுவார்கள்.